கழித்தது போக

என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே மச்சான் எங்கள் அப்பாவிடம் அடி வாங்கியிருக்க வேண்டியது. கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் ஆகி, அக்காவும் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போன பிறகு தரகர் வழக்கம்போல, "என்ன தம்பி, பொண்ணு பிடிச்சிருக்கா?" என்றார். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை தலையைக் குனிந்து சிரிக்க வேண்டும். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "பிடிச்சிருக்கு. ஆனா நான் பொண்ணு பார்க்கிறது இதுதான் முதல் தடவை. கேசரிக்கும் இதுல பங்கு இருக்கலாம். இன்னும் ரெண்டு வீட்ல பார்த்து, அதைக் கழிச்சுட்டுச் சொல்றேன்" என்றார்.

அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். தரகர் நடுவில் விழுந்து தடுத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா சிரித்த சிரிப்பு மட்டும் தெருவரைக்கும் கேட்டது.

கொஞ்ச நாள் கழித்து அவர் தனியாக, தரகர்கூட இல்லாமல், சைக்கிளில் வந்து இறங்கினார். "ரெண்டு வீட்லயும் பார்த்துட்டேன். கேசரி அங்கேயும் நல்லாத்தான் இருந்துச்சு. அதைக் கழிச்சாலும் மீதி இருக்கிறது உங்க பொண்ணுதான்" என்றார். இப்படி ஒரு சம்மதத்தை மதுரை ஜில்லாவில் எந்தப் பெண்ணைப் பெற்றவனும் கேட்டிருக்க மாட்டான். அப்பா துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு வீட்டுப் பெண்களையும் அக்கா கடைசிவரை விடவில்லை. சண்டை வரும்போதெல்லாம், "கழிச்சுப் போட்டீகளே, அவளுகள்ல ஒருத்தியைக் கட்டியிருக்கலாம்ல?" என்பாள்.

மச்சான் ஒரு தனியார் கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர். நான் மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சகம் வைத்திருந்தேன். சுவரொட்டிதான் என் தொழில். காதுகுத்துக்குப் போஸ்டர், கல்யாணத்துக்குப் போஸ்டர், கட்சிக்காரர் ஜாமீனில் வந்தால் போஸ்டர் என்று எங்கள் ஊரில் எதையும் சுவரைக் கேட்காமல் செய்வதில்லை. வட்டச் செயலாளரை மாவட்டம் ஆக்குவதும், மாவட்டத்தை மாவீரன் ஆக்குவதும் என் வேலை. நான் கூட்டுகிறவன், அவர் கழிக்கிறவர். பெண் கொடுத்த உறவுதான் என்றாலும் எங்களுக்குள் ஒட்டுறவு இருந்ததே பெரிய விஷயம்.

ஒரு தடவை நான் அடித்த நாலு வர்ணப் போஸ்டரைப் பெரியார் பஸ் ஸ்டாண்டு எதிரில் காட்டி, "எப்படி மச்சான், ஊரே நின்னு பாக்குது" என்றேன். அவர் போஸ்டரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பத்தடி தள்ளி வெறும் சுவர் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"என்ன மச்சான் அங்க?"

"வெறும் சுவரை எத்தனை பேர் பாக்குறாங்கன்னு எண்ணுறேன் மாப்ள. பஸ்ஸுக்கு நிக்கிறவன் எதையாவது பார்த்துத்தான ஆகணும்."

எண்ணினார். வெறும் சுவரையும் ஏறக்குறைய அதே அளவு ஆட்கள் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறிவிட்டேன்.

இப்படித்தான் எல்லாவற்றிலும். சாப்பாட்டில் உட்கார்ந்தால், ரசம் எப்படி என்று அக்கா கேட்பாள். "இப்ப பசி இருக்கு. பசியைக் கழிக்கணும்" என்பார். சாயங்காலம் வயிறு நிறைய இருக்கும்போது அடுக்களைக்குள் போய் ஒரு கரண்டி ரசத்தை ஊற்றிக் குடித்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்பார். அதற்குள் அக்காவுக்குக் கேட்ட கேள்வியே மறந்து போயிருக்கும். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, அம்மா தெப்பக்குளத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டபோது, "பக்கத்து வீட்டுக்காரருக்கும் மூணாம் நாள்தான விட்டுச்சு? அவர் கட்சி வேறயாச்சே, சாமி கும்பிட மாட்டாரே" என்று மாமியாரிடமே கேட்டவர். அம்மா அதன் பிறகு மாப்பிள்ளைக்கு ஊற்றும் காப்பியில் சர்க்கரையைக் குறைத்துவிட்டாள். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

எதனால் இந்தப் புத்தி என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். செய்கிற தொழில் அப்படி. அவர் ஆராய்ச்சி செய்தது காமா கதிரை. அழகர்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கல்லூரிக்குச் சொந்தமான தரிசு நிலம் இருந்தது. அதில் தகரக் கூரை போட்ட மரப்பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார். நடுவில் ஒரு சின்னக் கட்டடம், அதற்குள் கம்பிகளும் கருவிகளும். தோட்டக்காரர்கள் அதை 'சாரோட கோழிக்கூண்டு' என்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அங்கே வேப்பமரத்தடியில் உட்காரவைத்து ஒரு நாள் எனக்கு விளக்கம் சொன்னார். "மேல இருந்து காஸ்மிக் கதிர் ராத்திரி பகல்னு இல்லாம விழுந்துக்கிட்டே இருக்கு மாப்ள. காத்துல மோதி உடைஞ்சு, ஒண்ணு ஆயிரமா சிதறி, இந்தப் பெட்டி மேல மழை மாதிரி கொட்டும். ஆனா அது எங்க இருந்து கிளம்புச்சுன்னு யாருக்கும் தெரியாது."

"வர்ற திசையைப் பார்த்தா தெரியாதா?"

"அதுக்கு மின்சாரம் உண்டு. வழி நெடுக காந்தம் இழுத்து இழுத்து விடும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல மாட்டினவன் மாதிரி. தெற்கு வாசல்ல நுழைவான், கூட்டம் தள்ளித் தள்ளி வடக்க யானைக்கல்லுல கொண்டுபோய் விட்டுரும். அவன் எந்த ஊர்னு அவன் வெளிய வர்ற சந்தை வெச்சுச் சொல்ல முடியுமா? அந்தக் கதிரே பிறந்த இடத்துல எது மேலயாவது மோதுனா ரெண்டு சாமான் வெளிய வரும். ஒண்ணு காமா கதிரு, இன்னொண்ணு நியூட்ரினோ. ரெண்டுக்கும் மின்சாரம் கிடையாது. யார் இழுத்தாலும் போகாது, கிளம்புன இடத்துல இருந்து நேரா வரும். வந்த திசையைப் பிடிச்சா பிறந்த வீட்டைப் பிடிச்சிரலாம்."

"அப்புறம் என்ன, பிடிக்க வேண்டியதுதான?"

"ஆயிரம் காஸ்மிக் கதிருக்கு நடுவுல ஒண்ணுதான் காமா வரும். பெட்டியில ரெண்டும் ஒரே மாதிரிதான் விழும். அதனால நட்சத்திரம் இருக்கிற பக்கம் எம்புட்டு நேரம் பாக்குறேனோ அம்புட்டு நேரம் ஒண்ணுமே இல்லாத வானத்தையும் பாக்கணும். அதைக் கழிக்கணும். கழிச்சது போக மீதி நின்னா, அது நட்சத்திரம் குடுத்தது."

வேலை நேரத்தில் பாதியை ஒன்றுமில்லாத வானத்தைப் பார்க்கச் செலவழிக்கிற மனுஷனை நான் அதுவரை கண்டதில்லை. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று கல்லூரியின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

நியூட்ரினோ அவருக்குப் பழைய சகவாசம். வாலிபத்தில் கோலார் தங்கச் சுரங்கத்தின் அடி ஆழத்தில், அதற்காகக் காவல் இருந்தவர்களோடு கொஞ்ச காலம் இருந்திருக்கிறார். மற்ற கதிர் எல்லாம் பாறையில் நின்றுவிடுமாம். நியூட்ரினோ மட்டும் பூமியையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுமாம். மாதக்கணக்கில் காத்திருந்தால் எப்போதாவது ஒன்று பாறையில் இடித்துத் தடயம் காட்டும். அத்தனை பேரும் தங்கத்துக்காக இறங்கிய குழிக்குள் இவர் இதற்காக இறங்கியிருக்கிறார் என்பதை அக்கா எங்கள் சொந்தத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தால், "யானைமலையே குறுக்க நின்னாலும் துளைச்சுக்கிட்டுப் போயிரும், எதையும் தொடாது, எதுவும் இதைத் தொடாதுன்னு சொல்லுவீகளே, அது வேற எங்கயும் இல்ல, இந்தா இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கு" என்பாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் குடியிருந்தது ஒரே வாசலுக்குள் பல குடித்தனம் இருக்கிற ஒரு ஸ்டோர் வீடு. தண்ணீருக்குத் தெருக் குழாய்தான். அந்த வருஷங்களில் மதுரையில் தண்ணீர் என்பது வைகையில் இல்லை, வாய்ப்பேச்சில்தான் இருந்தது. அதிகாலையில் குடத்தை வரிசையில் வைத்து, சண்டை போட்டு, பிடித்து, மாடிப்படி ஏறிக் கொண்டுவர வேண்டும். அக்காவுக்கு முதுகில் தட்டு விலகி, வைத்தியர் பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கு வைத்தியருக்கு என்ன? அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தூக்கினாள். கல்லூரி வளாகத்துக்குள் ஆசிரியர் குடியிருப்பு இருந்தது. அதில் சொந்தக் கிணறு, மேலே தொட்டி, அடுக்களைக்குள்ளேயே குழாய். ஆனால் அது பதவி உயர்ந்தவர்களுக்குத்தான். பதவி உயர ஏதாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். மச்சானோ கழித்துக்கொண்டே இருந்தார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தைப்பொங்கல் கழிந்த வாரம், சாப்பிட்டுக்கொண்டே அவர் அக்காவிடம், "வடக்க ஒரு நட்சத்திரம், அழகர்மலைக்கு மேல வர்ற நேரத்துல கொஞ்சம் கூடுதலா விழுற மாதிரி இருக்கு" என்றார். அந்த நட்சத்திரத்திலிருந்து காமா கதிர் வருகிறது என்று அந்த வருஷங்களில் வெளிநாட்டில் சிலரும் சொல்லியிருந்தார்கள். தை மாதத்தில் அது உச்சிக்கு வருவது பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு. பகலிலும் நட்சத்திரம் தலைக்கு மேல் இருக்கத்தான் செய்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை என்றார்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'கூடுதல்' என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை அது குழாயடிக்குப் போனது. குழாயடியில் கல்லூரித் தாளாளர் வீட்டுச் சமையல்காரம்மா இருந்தார். மத்தியானத்துக்குள் தாளாளர் காதில் விழுந்துவிட்டது. காமா கதிர் நேராக வரும் என்பார் மச்சான். அதைவிட வேகமாக நேராகப் போகிறது குழாயடிச் சேதி.

தாளாளர் நூல் மில் முதலாளி, நல்ல மனுஷன். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடத் தெரியாதவர். அதுதான் சிக்கல். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மந்திரி ஒருவர் மதுரைக்கு வருகிறார், அதற்கு முந்தின நாள் கல்லூரியில் விழா, மேடையில் கண்டுபிடிப்பை அறிவிப்பது, அங்கேயே பதவி உயர்வு, குடியிருப்புச் சாவி என்று முடிவு செய்துவிட்டார். மச்சான், "சார், ஆடி வரைக்கும் பொறுக்கணும். இன்னும் கழிக்கலை" என்றாராம். "தாராளமா கழிங்க புரொபசர், சித்திரைக்குள்ள கழிச்சிருங்க" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

போஸ்டர் ஆர்டர் எனக்கு வந்தது. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைப்பது மற்ற ஊரில் பழமொழி, எங்கள் ஊரில் தொழில். நான் என் திறமை முழுவதையும் காட்டினேன். 'விண்ணை அளந்த வைகைக் கரை வேங்கையே! நட்சத்திரம் அனுப்பிய கதிரை நம் ஊரில் பிடித்த நாயகனே, வருக!' என்று மேலே போட்டு, நடுவில் மச்சான் படம், பக்கவாட்டில் மந்திரி, அடியில் தாளாளர். படத்தில் மச்சான் சிரிக்கவில்லை என்று தாளாளர் வீட்டார் குறைப்பட்டதால் உதட்டை நான் கொஞ்சம் தூக்கிவிட்டேன். கோரிப்பாளையத்திலிருந்து தெற்கு வாசல் வரைக்கும் ஒட்டியாயிற்று. மச்சான் கல்லூரிக்குப் போகிற வழியெல்லாம் அவரே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் என்னிடம் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாப்ள, ஒரு போஸ்டர் எத்தனை நாள் சுவர்ல இருக்கும்?"

"மேல இன்னொருத்தன் ஒட்டுற வரைக்கும்."

"நல்ல முறை" என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

மாசி மாதம் முழுக்க அவர் லீவு நாளிலும் தரிசு நிலத்தில்தான் கிடந்தார். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் போனேன். கட்டடத்தில் ஆளைக் காணோம். பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில், பம்புசெட்டு ரூமுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். தோட்டக்காரர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எதிரில் நின்றார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு மோட்டார் பெருமூச்சு விட்டு நின்றது. கட்டடத்துக்குள் எரிந்த பல்பு பளிச்சென்று வெளிச்சம் கூடியது எனக்கே தெரிந்தது.

"என்னண்ணே, நிப்பாட்டிட்டீங்களா?" என்றேன் தோட்டக்காரரிடம்.

"நான் எங்க தம்பி நிப்பாட்டுறேன்? மோட்டாருக்கு உள்ள மும்முனைக் கரண்டு இந்தப் பக்கம் மத்தியானத்தோட போயிரும், லைட்டுக்கு மட்டும் இருக்கும். தைக்கு முந்தி இருந்தே இப்பிடித்தான் முறை வெச்சு விடுறாக."

மச்சான் என் பக்கம் திரும்பினார். முகத்தில் வருத்தம் இல்லை. கணக்கு விடை வந்துவிட்ட பையன் முகம் மாதிரி இருந்தது. "நட்சத்திரம் தினமும் நாலு நிமிஷம் முந்தி வரும் மாப்ள. தையில பன்னெண்டு மணிக்கு வந்தது இப்ப காலையில எட்டு மணிக்கே உச்சிக்கு வந்துட்டுப் போயிருது. ஆனா கூடுதல் மட்டும் பன்னெண்டை விட்டு நகரலை. நட்சத்திரத்துக்கு நம்ம கடிகாரம் தெரியாது. நம்ம கரண்டு ஆபீசுக்குத்தான் தெரியும்."

எனக்குப் புரியவில்லை என்று கண்டு இன்னும் எளிதாகச் சொன்னார். மோட்டார் ஓடும்போது கரண்டு இளைத்துப் போகிறது. மோட்டார் நின்றதும் கொஞ்ச நேரத்துக்குக் குபீரென்று ஏறுகிறது. ஏறினால் பெட்டிக்குள் இருக்கிற கருவிக்குக் காது கூர்மையாகிவிடும். மற்ற நேரம் தவறவிடுகிற கதிரையும் அப்போது சேர்த்து எண்ணிவிடும். தை மாதத்தில் நட்சத்திரம் வந்த நேரமும் மோட்டார் நின்ற நேரமும் ஒன்றாகப் போயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பனம்பழத்துக்கு நான் போஸ்டர் அடித்திருந்தேன்.

அப்போதும் அவர் முடிவு சொல்லவில்லை என்பதுதான் அவருடைய லட்சணம். "இதுவும் காக்காயா இருக்கலாம். மோட்டாரையும் கழிச்சுப் பார்க்கணும்" என்று தோட்டக்காரரிடம் ஒரு வாரம் மோட்டார் போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டார்.

"கரும்பு காஞ்சா நட்சத்திரமா சார் வந்து தண்ணி பாய்ச்சும்?" என்றார் அவர். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, வெட்டுக்கு முன்னால எப்பிடியும் தண்ணியை நிப்பாட்டத்தான் செய்வேன். ரெண்டு நாள் முந்தி நிப்பாட்டுறேன். உங்களுக்காக" என்றார். நிறுத்தினார். பன்னிரண்டு மணிக் கூடுதல் இருந்த இடம் தெரியாமல் படுத்துவிட்டது.

இனி யாருக்காவது சந்தேகம் இருந்தால் அது அக்காவுக்குத்தான். விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். அவள் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் பச்சிலை வைத்துக் கட்டிய கட்டு.

"என்னங்க, வருதுன்னு சொல்ல வேணாம். வரலாம்னு சொல்லக் கூடாதா? வரலாம்கிறது பொய்யா?"

"மாசி மாசம் சொல்லியிருந்தா பொய் இல்ல. அப்ப எனக்கே தெரியாது" என்றார். "இப்ப இல்லைன்னு தெரியும். தெரிஞ்ச பிறகு வரலாம்னு சொன்னா அது பொய்தான்."

"வெளிநாட்டுக்காரன் எல்லாம் சொல்றானாமே?"

"அவன் ஊர்ல மோட்டார் இருக்கா இல்லையான்னு அவன்தான் பாக்கணும்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். "நட்சத்திரம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. எனக்கு அடுக்களைக்குள்ள ஒரு குழாய் வேணும். நான் கேட்டது அம்புட்டுத்தான்" என்று சொல்லி அழுதாள். எனக்கு மச்சானைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரமாக வந்தது. அவர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதையாவது கழித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ, விடை மட்டும் வரவில்லை.

விழாவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. என் போஸ்டர் வேலை செய்திருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அழகரைப் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம், பந்தலில் நிழல் இருந்ததால் நுழைந்தது. அதைக் கழிக்க வேண்டும். மச்சான் ஒலிபெருக்கி முன் போய் நின்று, சுற்றி வளைக்காமல், "வடக்கே உள்ள நட்சத்திரத்திலிருந்து கூடுதலாகக் காமா கதிர் வருவதாக நினைத்தோம். கழித்துப் பார்த்தோம். மீதி ஒன்றும் இல்லை. அது பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டு" என்றார்.

கைதட்டல் வானைப் பிளந்தது. யாரோ பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். தாளாளர் ஒரு நொடி வெளிறினார். உடனே சமாளித்துக்கொண்டு, "இந்த அடக்கம்தான் மதுரையின் சொத்து" என்று பொன்னாடையைப் போர்த்தினார். மந்திரி எழுந்து, தன் ஆட்சியில் பம்புசெட்டுக்கு வந்த கரண்டு நட்சத்திரம் வரைக்கும் போயிருப்பதைப் பெருமையோடு குறிப்பிட்டார். மச்சான் மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகப் பார்த்தார், யாரோ கட்சிக் கரைவேட்டிக்காரர் அன்போடு அவரை உட்காரவைத்துவிட்டார். மறுநாள் செய்தியில், மதுரை விஞ்ஞானி பம்புசெட்டு மூலம் நட்சத்திரக் கதிரைப் பிடித்தார் என்று வந்தது. உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சொல்லியும் சொல்ல முடியாமல் போவதை அன்றுதான் பார்த்தேன்.

மேடையில் சொன்னது யாருக்கும் கேட்காவிட்டாலும், மேடைக்குப் பின்னால் தாளாளர், "கண்டுபிடிப்பு இல்லைன்னா பதவியும் இல்ல, வீடும் இல்ல" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. சாவி வணிகவியல் துறைத் தலைவருக்குப் போயிற்று. அவர் எந்த நட்சத்திரத்தையும் அண்ணாந்து பார்த்தவரில்லை. மச்சான் கடைசிவரை விரிவுரையாளராகவே இருந்து ஓய்வு பெற்றார். அந்த நட்சத்திரத்துக் கதிர் இன்னும் நல்ல கருவிகள் வந்து பார்த்தபோது எங்குமே தட்டுப்படாமல் போனது வேறு கதை. ஒன்றும் இல்லை என்று முதலில் சொன்னதற்காக யாரும் யாருக்கும் மாலை போடுவதில்லை.

விழா முடிந்த மறுநாள் காலை, அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு அக்கா வீட்டுப் பக்கம் வந்தேன். தெருக் குழாயில் வரிசை நின்றது. வரிசையின் நடுவில், பெண்களுக்கு மத்தியில், இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு மச்சான் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கம் ஆம்பளை குழாயடியில் நின்றால் பொண்டாட்டி செத்துவிட்டாள் என்று அர்த்தம், அல்லது ஓடிவிட்டாள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு நடை ஏற்கெனவே போய்வந்திருந்தார் போல. குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் நெஞ்சோடு அணைத்துத் தூக்கியதில் சட்டை முழுக்க ஈரம். அக்கா இஸ்திரி போட்ட அதே சட்டை.

அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவரைத் திட்டி வீட்டுக்குள் அனுப்பத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் வீங்கியிருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. முன்னால் நிற்கிற குடங்களை எண்ணுகிறவர் மாதிரி நின்றார்.

வரிசை நகர்ந்து, அவருக்கு முன்னால் குழாயில் குடத்தை வைத்திருந்த ஒருத்தி திரும்பி, "ஏக்கா, நட்சத்திரத்துல இருந்து என்னமோ வருதுன்னு ஊரெல்லாம் ஒட்டியிருந்தாக. ஒண்ணும் வரலையாமே? தாளாளர் வீட்ல பேசிக்கிட்டாகளாம்" என்றாள். வரிசையில் சிரிப்பு நின்றுபோயிற்று. எல்லாரும் அக்கா வாயைப் பார்த்தார்கள்.

"வந்தா வந்துச்சுன்னு சொல்லுவாக" என்றாள் அக்கா. "வராததை வந்துச்சுன்னு சொல்லுறதுக்கு எங்க வீட்ல ஆளு இல்ல. உன் குடம் நிறைஞ்சு வழியுது பாரு, எடு. அடுத்து எங்க வீட்டுக்காரர் முறை."